கரண்ட் இருந்தும் ஓடாத ஏசி

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாவது வரை படித்துவிட்டு புதுப்பட்டினம் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவன், வாரா வாரம் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு அதையும் இதையும் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். எழுதத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கூச்சம் எனக்கு உண்டு. இந்த வாரம் அது ரொம்பக் கூடுதல்.

காரணம், சமீபத்தில் வேறொரு இடத்தில் நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரியில் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

நேரில் நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் திறக்காது. கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக்கூட யோசிப்பேன். எழுத்து என்றால் மட்டும் எங்கிருந்து இவ்வளவு தைரியம் வருகிறது? தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்று. காலையிலேயே கடையில் பூஜையை முடித்துவிட்டேன். ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடையில் நான் இதில் ரொம்பக் கறார். ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேல் ஒரு துளி படக்கூடாது. ஒரு வருஷம் அப்படிப் பட்டுவிட்டது. அன்று எடுத்த ஆதார் காப்பி அத்தனையிலும் எல்லோர் கன்னத்திலும் ஒரே மாதிரி மச்சம். ஒரு அம்மா அதைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என்னைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதையான ஆள், மத்தியானம் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி அமுதா எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தாள். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், டிவி, தையல் மெஷின், வாசலில் பைக். "ஏசிக்கு மட்டும் எனக்கு எட்டல. நீங்க ஸ்டூல் போட்டு ஏறுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏசி. மகள் கவிதா பிரசவத்துக்கு வந்ததால் வாங்கியது. குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு. கடல் பக்கத்தில் இருக்கிறீர்கள், காற்று வராதா என்று கேட்பார்கள். வரும்... உப்பும் ஈரமுமாக வரும். மத்தியானத்தில் அதுவும் வராது.

மெயின் சுவிட்சை அணைத்தேன். ஈரத்துணியால் ஏசியைத் துடைத்தேன். நடுவில் விபூதிப் பட்டை. இடது ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு, வலது ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு. இரண்டின் மேலும் குங்குமம். கீழே இறங்கி, மெயினை மறுபடி போட்டுவிட்டு நின்று பார்த்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சாமி கும்பிட்டோம். பொரி, கடலை, சுண்டல், சாப்பாடு. கவிதா குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, "அப்பா, ஏசி போடுப்பா" என்றாள்.

ரிமோட்டை அழுத்தினேன். வழக்கமாக 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. கீழ்ப்பக்கத் தகடு திறக்கவில்லை. காற்று இல்லை. இன்னொரு தரம். கிட்டே போய் நின்று அழுத்தினேன். கையைத் தூக்கி அழுத்தினேன். செத்த பிணம் மாதிரி இருந்தது.

நம் எல்லோருக்கும் பாதி எலெக்ட்ரீஷியன் வேலை தெரியும் அல்லவா? எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி இதில் போட்டேன். இல்லை. சுவரில் உள்ள சுவிட்சைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிகிறது. மீட்டர் பெட்டியில் டிரிப்பர் சுவிட்ச் மேலேதான் இருந்தது. அதைக் கீழே தள்ளி மேலே தள்ளினேன். பிளக்கைப் பிடுங்கி அழுத்திச் செருகினேன். ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு, இருநூற்று இருபத்தெட்டு என்று நம்பர் வேறு. கரண்ட் போய்த் திரும்பினால் ஸ்டெபிலைசர் மூன்று நிமிஷம் எடுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஐந்து நிமிஷம் கொடுத்தேன். ஒன்றும் இல்லை.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் தெளிவாகச் சொன்னார். "ஸ்டெபிலைசர் வரைக்கும் கரண்ட் வருது, உள்ள யூனிட் டெட்டுன்னா... போர்டு போச்சுன்னு அர்த்தம்."

ஏசிக்கு மூளை மாதிரி இருக்கும் சர்க்யூட் போர்டு, அது எப்படிப் போகும்? நேற்று வரை ஓடியதே? சரி, கடைசியாக அதில் கை வைத்தது யார்?

இந்த இடத்தில்தான் என் புத்தி கோணலாகத் திரும்பியது. கடைசியாக அதில் கை வைத்தது நான். ஈரத்துணியோடு. அது என் நினைவுக்கே வரவில்லை. நினைவுக்கு வந்தது ஜான்சன்.

ஜான்சன் ஏசி மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊருக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் ரோட்டில் உள்ள காலனியில் வீடு. அவருடைய அப்பா இங்கே ஒரு காலத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஜான்சன் ஐடிஐ படித்தார், ஒரு கம்பெனியில் வேலை கற்றார், இப்போது தனியாக பைக்கில் டூல் பையை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். பூஜைக்கு நான்கு நாள் முன்புதான் எங்கள் வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்தார். உப்புக் காற்றில் வெளி யூனிட் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்லி, நான் கேட்காமலேயே ஸ்குரூ ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவிவிட்டுப் போனார்.

போகும்போது ஒரு சந்தோஷமான விஷயமும் சொன்னார். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ், இருபது ரூம். மொத்த ஏசியும் வருஷம் பூராவும் அவர் பொறுப்பில் வரப்போகிறது. அந்த லாட்ஜ் மேனேஜர் சேகர் எங்கள் தெருக்காரர்தான். "ஆயுத பூஜ முடியட்டும், வந்து பாருன்னு சொல்லிகிறாருண்ணா. அது வந்துட்சுன்னா, தெனம் இந்த வெயில்ல வூடு வூடா அலய வாணாம்" என்றார். நானும் "நல்லது, நல்லது" என்றேன்.

அப்படிப்பட்ட ஜான்சனுக்கு அன்று மத்தியானம் மூன்று தரம் போன் செய்தேன். எடுக்கவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. கவிதா விசிறியால் வீசிக்கொண்டே, "என்னப்பா ஆச்சு?" என்று நாலாவது தடவை கேட்டாள்.

போன் எடுக்கவில்லை என்றால்? பயம். ஏன் பயம்? செய்தது தெரிந்துவிட்டது. என்ன செய்தார்? போர்டில் ஏதோ கை வைத்துவிட்டார், பிறகு அவரே வந்து புது போர்டு போட்டுப் பணம் பறிக்கலாம் என்று... பாருங்கள், எவ்வளவு வேகமாக ஒரு கதை தயாராகிறது!

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், நாய் யாரைக் கடித்தது — இதற்காக வைத்திருப்பது. இரண்டு வருஷமாக அதில் நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்று எழுதினேன்.

'நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏசி மெக்கானிக் ஜான்சனை வீட்டுக்குள் விட வேண்டாம். நான்கு நாள் முன்பு சர்வீஸ் செய்தார், இன்று போர்டு அவுட். நன்றாக இருப்பதைக் கெடுத்துவிட்டு, பிறகு போன் எடுக்காத ஆள்.'

அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷமே பதில்கள். என் எழுத்துக்கு இவ்வளவு வேகமாகப் பதில் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருவர் எழுதினார்: 'அண்ணாத்த, நம்ம வூட்லயும் அவர்தான் வந்தார். அதுக்கப்புறம் ஏசில ஒரே சத்தம்.'

இன்னொருவர்: 'அந்தப் பக்கத்து ஆளுங்க வேற எப்படி இருப்பாங்க?'

இதைப் படித்தேன். இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லக் கை வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை... அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் போட்டேன்.

கடைசியாக சேகர் எழுதினார்: 'நல்ல வேள சொன்னீங்க. நம்ம லாட்ஜுக்கு இந்த ஆளைத்தான் போடலாம்னு இருந்தேன்.'

அதைப் பார்த்ததும் ஜான்சன் சொன்ன அந்த இருபது ரூம் ஞாபகம் வந்தது, உண்மை. ஆனால் கூடவே ஒரு சின்ன சந்தோஷம். ஊருக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்துவிட்ட மாதிரி.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். வாசலில் பைக் சத்தம். ஜான்சன்.

"அண்ணா, நேத்து போன் பண்ணீங்களா? லாட்ஜு பக்கத்துல ஒரு வூட்ல, மாடில வெளி யூனிட்ட எறக்கிகினு இருந்தேன். மொபைலு கீழ பையில கெடந்துது. அப்பால பாத்தேன், சார்ஜும் பூட்ச்சி. இன்னா ஆச்சு ஏசிக்கு?"

"ஓடல" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல்.

"கொழந்த கீற வூடாச்சே. அதான் மொத மொத இங்க வந்தேன்."

அமுதா என்னைப் பார்த்தாள். குரூப்பில் நான் எழுதியது அவளுக்குத் தெரியும். கூடத்தில் இருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜான்சன் ஸ்டெபிலைசரைப் பார்த்தார். ஸ்டூலில் ஏறி, ஏசியின் முன் மூடியை மெதுவாகத் தூக்கினார். உள்ளே ஓரமாக ஒரு சின்ன பட்டன். அதை விரலால் அழுத்தினார்.

'டிங்.'

தகடு திறந்தது. குளிர்ந்த காற்று வந்தது. உள்ளே இருந்து கவிதா, "அப்பா, வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

"போர்டு போச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"போர்டு நல்லா கீதுண்ணா. கரண்டும் நல்லா வர்து. இந்தப் பட்டன அழுத்துனா ரிமோட் இல்லாமயே ஓடும். இதுல ஓடுதுன்னா கோளாறு ரிமோட்டுல. இல்லன்னா ரிமோட் சொல்றத ஏசி கேக்கல." ரிமோட்டை வாங்கினார். தன் செல்போன் கேமராவைத் திறந்து அதன் முன்னால் ரிமோட்டின் மூக்கைப் பிடித்து அழுத்தினார். "பாருங்க, கேமராவுல லைட்டு மின்னுதா? கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ரிமோட்டும் ஓக்கே."

பிறகு நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வலது ஓரத்தில் நான் வைத்த பொட்டை.

அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் உண்டு. ரிமோட்டின் வெளிச்சம் போய்ச் சேரும் கண் அதுதானாம். நான் அதைப் பொட்டு வைக்கவே கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடம் என்பது போல, சரியாக அதன் மேல், சந்தனத்தைக் குழைத்து, கெட்டியாக, குங்குமத்தோடு அப்பி வைத்திருந்தேன்.

அவர் கை அதுவரை போனது. தொடவில்லை. பாதியில் நின்றது. ஸ்டூலில் இருந்து இறங்கினார்.

"அண்ணா... பூஜைக்கு வச்ச பொட்டு. நீங்களே தொடச்சிடுங்க. நான் தொட்டா நல்லா இருக்காது."

"அதுல என்ன, நீங்களே தொடைங்க" என்று என் வாயில் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. நானே ஸ்டூலில் ஏறினேன். கட்டைவிரலால் துடைத்தேன். முந்தைய நாள் குரூப்பில் அழுத்திய அதே விரல். ஜான்சன் ரிமோட்டை அழுத்தினார். 'டிங்.' அணைந்தது. மறுபடி அழுத்தினார். 'டிங்.' ஓடியது.

அமுதா காபி கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னா தம்பி ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சாமி கொஞ்சம் ஓவரா கண்ண மறைச்சிட்டாரு" என்று சிரித்தார் ஜான்சன்.

"சாமி இன்னா பண்ணுவார்? வச்ச கை அப்படி" என்றாள் அமுதா. சிரிக்கவில்லை.

அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு டூல் பையை எடுத்தார். வாசல் வரைக்கும் கூடவே போனேன். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தவர், ஸ்டார்ட் செய்யாமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணா, குரூப்புல போட்டது... ராத்திரியே ஒருத்தர் எனக்கு அனுப்பிட்டாரு. அத மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணா."

தெரிந்துதான் வந்திருக்கிறார். எல்லாம் படித்துவிட்டு, முதல் வேலையாக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"தப்பு ஆயிடுச்சு ஜான்சன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"வுடுங்கண்ணா. டென்ஷன்ல போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

உள்ளே வந்ததும் போனை எடுத்து என் நான்கு வரியை அழித்தேன். 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி அதற்குப் பதிலாக வந்து நின்றது. அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. என் கட்டைவிரலும்.

"அழிச்சிட்டேன்" என்றேன் அமுதாவிடம்.

"அழிச்சா ஆச்சா? படிச்சவங்க மண்டையிலயும் போய் அழிச்சிட்டு வருவீங்களா? எழுதத் தெரிஞ்சுதில்ல, அதே மாதிரி இதையும் எழுதுங்க."

கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது: 'ஏசி சரியாகிவிட்டது, நன்றி.' யாருக்கு நன்றி? அழித்தேன். அடுத்து: 'சின்ன தவறு நேர்ந்துவிட்டது.' யார் செய்த தவறு? அதையும் அழித்தேன். 'ரிமோட்டில் கோளாறு இருந்தது' என்று எழுதினேன். ரிமோட் பாவம், அது என்ன செய்தது? ஜான்சன் மேல் போட்ட பழியைத் தூக்கி ரிமோட் மேல் வைக்கப் பார்க்கிறேன்!

பழி எழுதியபோது விரல் தானாக ஓடியது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் முள்ளாக நின்றது. எனக்குப் பயம் வேறொன்றும் இல்லை. தெருவே சிரிக்கும். ஏசியின் கண்ணில் சந்தனம் அப்பிய ஜெராக்ஸ்காரன் என்று பெயர் வைப்பார்கள். என் மானம் அவர் பிழைப்பை விடப் பெரிதா என்று கேட்டுப் பார்த்தேன். பெரிதுதான் என்று உள்ளே ஒருவன் பதில் சொன்னான். அவனை இத்தனை வயதில் அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். ஜான்சனின் இடத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஏசி மெக்கானிக்காக இருந்திருந்தால்? போன் எடுக்கவில்லை என்றால் வேலையாக இருப்பான் என்று விட்டிருப்பேன். சாயங்காலம் மறுபடி அடித்துப் பார்த்திருப்பேன். மூன்றாவது போனுக்குள் திருடனாக்கியிருக்க மாட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் மீதி எழுதியதெல்லாம் பொய்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒருவழியாக அனுப்பினேன். ஏசியில் கோளாறே இல்லை, ரிமோட்டின் வெளிச்சம் போகும் இடத்தில் நான்தான் பொட்டு வைத்து அடைத்தேன், ஜான்சன் நல்ல வேலைக்காரர், நான் எழுதியது பொய், அந்தப் பக்கத்து ஆட்கள் என்று எழுதியதற்குக் கட்டைவிரல் போட்டதும் தப்பு — எல்லாம் எழுதினேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு உபயோகமாவது இருக்கட்டும். உங்கள் ஏசி கரண்ட் இருந்தும் ஓடவில்லை என்றால், மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் பட்டனை முதலில் அழுத்திப் பாருங்கள். ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அது வரை போனில் வேறு எதையும் திறக்காதீர்கள்.

நமக்குப் புரியாத மெஷினை எல்லாம் விழுந்து கும்பிடுகிறோம். புரிந்த ஆள் வந்தால் சந்தேகப்படுகிறோம்.

மறுநாள் காலை குரூப்பைப் பார்த்தேன். எல்லோரும் படித்திருந்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. அதற்குக் கீழே யாரோ ஒருவர் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். சேகர் வீட்டுக்கு நேரில் போனேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "படிச்சேன் அண்ணாத்த. ஆனா அன்னிக்கே செங்கல்பட்டு ஆளு ஒருத்தருக்கு சொல்லிட்டேனே. இன்னிக்கு வந்துடுவாரு" என்றார். ஜான்சனுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிண்ணா" என்றார்.